துரவுக்குள் இறங்கிய கந்தைத் துணி

ஞாயிறு பள்ளியில் தாவீது, தானியேல், யோனா எல்லாரையும் மனப்பாடம் பண்ண வச்சாங்க. எபெத்மெலேக் பேரை மட்டும் ஒருத்தரும் சொல்லலை. எரேமியா 38ஆம் அதிகாரத்தை நிதானமா படிச்சப்பதான் ஆளைக் கண்டுபிடிச்சேன். இத்தனைக்கும் அது பேரான்னே சந்தேகம். எபிரெயத்தில் 'ராஜாவின் வேலைக்காரன்'னு அர்த்தம், அவ்வளவுதான்!

காலம் கி.மு. 588-586. நேபுகாத்நேச்சாரின் பாபிலோன் படை எருசலேமை வளைச்சு நிக்குது. உள்ளே அப்பத்துக்குப் பஞ்சம். "சரணடைஞ்சா பிழைப்பீங்க"ன்னு எரேமியா சொல்லிக்கிட்டே இருக்கார். போர் நேரத்தில் இப்படிப் பேசினா எந்த ஊரில் சும்மா விடுவாங்க? செப்பத்தியா, கெதலியா, யூகால், பஸ்கூர்னு நாலு பிரபுக்கள் ராஜாகிட்ட போய், இந்த ஆள் போர்வீரர்களோட கையைத் தளரப் பண்றான், கொன்னுடணும்னு கேட்டாங்க. (1935ல் லாகீசில் தோண்டினப்போ கிடைச்ச, அதே காலத்து ஓட்டுச்சில்லுக் கடிதங்கள் ஒண்ணிலும் இதே 'கையைத் தளர்த்துற' பேச்சு வருது.) சிதேக்கியா ராஜாவோ, உங்களுக்கு எதிரா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு கையை விரிச்சுட்டார். ராஜாவாம்!

எரேமியாவைத் துரவில் கயிறு கட்டி இறக்கினாங்க. துரவுன்னா நம்ம ஊர் கிணறு மாதிரி இல்லை. மழைத் தண்ணி சேமிக்கப் பாறையில் குடைஞ்ச தொட்டி. பெரும்பாலும் வாய் குறுகல், வயிறு அகலம். ஏறி வர முடியாது. அன்னைக்கு அதில் தண்ணி இல்லை, வெறும் சேறு. அதுக்குள்ள ஆள் அமிழ்ந்துட்டார்.

இங்கேதான் நம்ம ஆள் வர்றான். எத்தியோப்பியன், அதாவது எகிப்துக்குத் தெற்கே கூஷ் தேசத்துக்காரன், இன்றைய சூடான் பக்கம். 'சாரீஸ்'னு எபிரெயம் சொல்லுது. அண்ணகன்னும் சொல்லலாம், அரண்மனை அதிகாரின்னும் சொல்லலாம். எப்படியும் அந்நியன். ஊரே எதிரியைப் பார்த்து நடுங்குறப்போ, ஒரு 'தேசத்துரோகி'க்காகப் பேச அவனுக்கு என்ன தலையெழுத்து? ராஜா பென்யமீன் வாசலில் உக்கார்ந்திருந்தப்போ நேரா போனான். அந்தக் காலத்தில் வழக்கு விசாரிக்கிறதே ஊர் வாசலில்தான். நாலு பேர் பார்க்க, "இவங்க செஞ்சது தப்பு, அந்த மனுஷன் பசியால சாவான்"னு சொல்லிட்டான். ராஜா முப்பது பேரைக் கூட்டிட்டுப் போகச் சொன்னார். (ஒரு எபிரெயக் கையெழுத்துப் பிரதியில் 'மூணு பேர்'னு இருக்காம். மூணோ முப்பதோ, போனான்ல!)

அடுத்து வர்ற ஒரு வரியில்தான் நான் நின்னுட்டேன். ஆளைக் காப்பாத்த அனுமதி கிடைச்சாச்சு, கயிறும் இருக்கு. இவன் ஓடிப்போனது பொக்கிஷ அறைக்குக் கீழே, பழைய கந்தைத் துணி பொறுக்க! கயிறு அறுக்கும், அக்குளுக்கு அடியில் வச்சுக்கோங்கன்னு அதையும் கயிற்றில் கட்டி இறக்கினான்.

எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்துச்சு. வேலை போயிருந்த ஒரு நண்பனுக்குப் பணம் கொடுத்தேன், அவன் வீட்டு ஆட்கள் முன்னாடியே, எண்ணி எண்ணி. வாங்கிக்கிட்டான். அப்புறம் ரொம்ப நாள் என்கிட்ட பேசலை. நன்றி கெட்டவன்னு நினைச்சிருந்தேன். அன்னைக்கு நான் போட்டது வெறும் கயிறுன்னு இந்த அதிகாரம் படிச்சப்பதான் உறைச்சுது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் எய்லத் மசார் தலைமையில் அகழ்வாய்வு நடந்துச்சு. 2005ல் 'செலேமியாவின் மகன் யூகால்'ங்கிற முத்திரை பதிஞ்ச களிமண் கிடைச்சது. 2008ல் சில மீட்டர் தள்ளி 'பஸ்கூரின் மகன் கெதலியா'. எரேமியாவைக் கொல்லச் சொன்ன நாலு பேரில் ரெண்டு பேர்! விரல்நகம் அளவு களிமண், 2,500 வருஷத்துக்கு மேலே தாங்கியிருக்கு. எபெத்மெலேக் பேரில் ஒரு துண்டும் இல்லை.

துரவிலிருந்து வந்த எரேமியா விடுதலையாகலை, நகரம் விழுறவரை காவல் முற்றத்தில்தான் இருந்தார். சிதேக்கியாவோ தப்பி ஓடி, பிடிபட்டு, பிள்ளைகள் வெட்டப்படுறதைப் பார்த்தபிறகு கண் பிடுங்கப்பட்டு பாபிலோனுக்குப் போனார். ஆனா காவலில் இருந்தபோதே எரேமியாவுக்கு ஒரு தனிச் செய்தி வந்திருந்தது, எபெத்மெலேக்குகிட்ட போய்ச் சொல்லச் சொல்லி: நீ பயப்படுற ஆட்கள் கையில் உன்னைக் கொடுக்க மாட்டேன்னு. அதைப் படிச்சப்பதான், இத்தனையும் செஞ்சவன் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருந்திருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது.