விதிக்கப்பட்ட முறையில்: கன்றின் வலியும் 63 ஆண்டு வெற்றிடமும்

தில்லி ஃபிரோஸ் ஷா கோட்லாவில் இன்று நிற்கும் அசோகர் தூண், முன்பு தோப்ராவில் இருந்தது. மன்னர் முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. குறிப்பிட்ட புனித நாள்களில் காளை, வெள்ளாட்டுக் கிடா, செம்மறிக் கடா, பன்றி ஆகியவற்றுக்குக் காயடிக்கலாகாது. சில நாள்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் சூட்டுக்குறி இடலாகாது என்று அது ஆணையிடுகிறது. வளர்ப்பு விலங்கின் உடல்மீது கத்தியும் நெருப்பும் படுவதை அரசு தன் கவனத்துக்குரியதாகக் கொண்டதற்கு இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. ஆயினும் சாசனம் நாளை விலக்கியதேயன்றி வலியை விலக்கவில்லை. அந்த வலியைப் போக்கும் வழியும் அக்காலத்தில் இல்லை.

ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் கழித்து இதே செயல்கள் மீண்டும் சட்டத்தின் முன் வந்தன. மாநிலங்களவை உறுப்பினர் ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு அளித்த உறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு எவையெவை வதை என்று பட்டியலிட்டது. அதே பிரிவின் 3ஆம் உட்பிரிவு, மாட்டின் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூட்டுக்குறி இடுதல், மூக்கணாங்கயிறு கோத்தல் ஆகிய நான்கையும் பட்டியலிலிருந்து விடுவித்தது. 'விதிக்கப்பட்ட முறையில்' செய்யப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த முறை எது என்பதை மட்டும் எவரும் விதிக்கவில்லை.

அந்த வெற்றிடத்தைப் பழக்கம் நிரப்பியது. கல்லாலும் கட்டையாலும் விதையை நசுக்கிய பழைய முறையின் இடத்தை, இத்தாலியக் கால்நடை மருத்துவர் நெப்போலியோனே பர்டிசோவின் கிடுக்கி பிடித்தது. தோலைக் கிழிக்காமல் விந்து நாணை நசுக்குவதால் அது 'இரத்தமில்லா முறை' எனப் பெயர் பெற்றது. சீழும் புழுவும் குறைந்தன என்பது உண்மையான நன்மை. ஆனால் இரத்தம் இல்லாத இடத்தில் வலியும் இல்லை என்ற மயக்கத்தை அப்பெயர் வளர்த்தது. உணர்வுநீக்கியான லிக்னோகெயின் 1940களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. எனினும் இளங்கன்றுக்கு வலி குறைவு, வேலையோ சில நொடிகளில் முடிவது என்ற வாதமே தொழுவத்தில் நிலைத்தது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டமும் காயடித்தலைத் தடுப்பூசி, புண்ணுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றோடு 'சிறு சேவை'யாகவே வகைப்படுத்தியது.

மரத்துப்போகும் ஊசி மட்டும் போதுவதும் இல்லை. அதன் வேகம் ஓரிரு மணி நேரத்தில் தணியும். வீக்கமும் வேதனையும் நாள்கணக்கில் நீளும். ஆகவே அழற்சி தணிக்கும் மருந்தும் உடன் தேவை. அவ்வகையில் மலிவாகக் கிடைத்த டைக்ளோஃபெனாக், 1990களில் இந்திய மாடுகளுக்குப் பரவலாகத் தரப்பட்டது. அம்மருந்து தங்கிய மாட்டுச் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து பெருந்தொகையாக மடிந்தன. காரணம் 2004இல் வெளிப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கற்றதென ஆய்வில் தெளிந்த மெலாக்சிகம் மாற்றாக வந்தது. கன்றின் வலியைத் தணிக்கவும் அதுவே ஏற்றது.

1960இல் விடப்பட்ட வெற்றிடம் 2023இல்தான் நிரம்பியது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட கால்நடை வளர்ப்பு நடைமுறைகள் குறித்த விதிகள், இந்நான்கு செயல்களிலும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் பங்கையும் உணர்வுநீக்க மருந்தையும் வலியுறுத்தின.

அசோகரிடம் மருந்து இல்லை. அவர் நாளை விலக்கினார். சுதந்திர இந்தியாவிடம் மருந்து இருந்தது. அது விதி எழுத 63 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இனி எஞ்சுவது, சிற்றூர் மருந்தகத்தின் அலமாரியில் ஒரு குப்பி லிக்னோகெயினும், அதைச் செலுத்திய பின் மரத்துப்போகும் வரை சில நிமிடங்கள் காத்திருக்கும் பொறுமையும். 'சிறு சேவை' என்பது கிடுக்கியைப் பிடிப்பவரின் அளவுகோல். கட்டிக் கிடத்தப்பட்ட கன்றின் அளவுகோல் வேறு.