தேயிலையும் தாய்ப்பாலும்

சம்பள நாளுக்கு மறுநாள் ஹற்றன் கடைவீதியில் நாம் கண்ட காட்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுதல் தகும். நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தார். அவர் கையில் இரண்டு பால் போத்தல்கள். ஒன்று கண்ணாடி, மற்றது பிளாஸ்டிக். மனைவி பிள்ளை பெற்று மூன்றாம் மாதம். அடுத்த கிழமை அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவேண்டும். "இதுல எது பிள்ளைக்கு நல்லதுங்க சேர்? ஒரு டின் மா எத்தன நாளைக்கு வருங்க?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

குறுந்தொகைக்கும் குறளுக்கும் உரை சொல்லிப் பழகிய நமக்கு அந்த இரு வினாக்களுக்கும் விடை தெரியவில்லை. வெட்கத்துடன் வீடு திரும்பிப் பின்னர் பல நூல்களைப் புரட்டினோம்; ஒரு குடும்ப மருத்துவமாதிடமும் கேட்டறிந்தோம். அப்போதுதான், குழந்தைக்கு எந்தக் கலத்தில் பால் புகட்டுவது என்பது வெறும் வீட்டு வினா அன்று, நூற்றைம்பது ஆண்டு மலையக வாழ்வின் சரித்திரமே அதனுள் அடங்கிக் கிடக்கிறது என்பது புலனாயிற்று.

தாய் இறந்தோ, நோயுற்றோ, பால் சுரவாமலோ போன வீடுகள் எக்காலத்தும் இருந்தன. நம் முன்னோர் அதற்கெனக் கண்ட கலம் சங்கு. கடற்சங்கின் வடிவை ஒட்டிப் பித்தளையிலும் வெள்ளியிலும் செய்யப்பட்டு, ஒரு பக்கம் குவிந்து மூக்காக நீளும் சிறு கலம் அது. பாலாடை என்றும் அதனைச் சொல்வர். திறந்த வாயுடையது, உள்ளே இருண்ட மூலை கிடையாது, ஒரு விரலை விட்டுத் துடைத்தால் முழுதும் தூய்மையாகிவிடும். செல்வர் இல்லங்களிலோ கலத்துக்குப் பதிலாகச் செவிலி இருந்தாள். செவிலியின் மகளே தோழி என்பது அகத்திணை மரபு. தலைவியும் தோழியும் ஒருத்தியின் பாலையே பகிர்ந்து வளர்ந்தனர் எனின், அப்பங்கில் குறைந்தது எவளுக்கு என்று வினவுதல் இக்காலத்து வாசகனின் கடமையன்றோ? ஒருத்தியின் பால் பிறிதொரு வீட்டின் செழுமைக்குப் போவது புதுக்கதை அன்று. ஆயின் அதனைத் தொழில்முறையாகவே அமைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு.

ஐரோப்பாவில் ஆலைகள் பெருகித் தாய்மார் ஆலைக்குச் சென்றபோது பால் போத்தல் சந்தைப்பொருளாயிற்று. 1845இல் அமெரிக்காவில் றப்பர்க் காம்புக்குக் காப்புரிமை பெறப்பட்டது. பின்னர் இங்கிலாந்தில் நீண்ட றப்பர்க் குழாய் பொருத்திய கண்ணாடிப் போத்தல் பரவியது. யாரும் பிடித்துக்கொண்டிராமலே தொட்டிலில் கிடக்கும் குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. ஆனால் அக்குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. தங்கிப் புளித்த பாலில் கிருமிகள் பெருகின. குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தன. கொலைப் போத்தல் என்ற பெயரே அதற்கு வழங்கலாயிற்று. 1910இல் பிரெஞ்சு அரசு குழாய்ப் போத்தலைச் சட்டத்தால் தடைசெய்தது. தாயின் கையை விடுவித்து ஆலைக்குக் கொடுக்கும் கருவியின் விலையைக் குழந்தை செலுத்தியது என்பதே இதன் சாரம்.

1867ஆம் ஆண்டை நாம் சிறப்பாக மனங்கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்பவர் பசுப்பால், கோதுமை மா, சீனி ஆகியவற்றைச் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றைச் செய்தார். அதே ஆண்டில் கண்டிச் சீமையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். ஒருவரை ஒருவர் அறியாத இவ்விருவரின் முயற்சிகளும் பிற்காலத்தில் நம் லயக் காம்பராக்களில் வந்து சந்தித்தன.

எவ்வாறு என்று காண்போம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவகாலம் இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும், கிழமைக்கொருமுறை கிள்ளியாகவேண்டும். எனவே ஆண்டு முழுவதும் மலையிலேயே தங்கும் கைகள் தேவைப்பட்டன. அவற்றுள்ளும் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் பெண்களின் கைகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் குடியேற்றப்பட்டமைக்குக் காரணம் இதுவே. துரைமாருக்குத் தாய் வேண்டும். அவள் பெறும் பிள்ளை நாளைய தொழிலாளியாகவும் வேண்டும். ஆனால் பிள்ளை பாலுண்ணும் நேரம் மட்டும் அவர்களது கணக்கில் இடம்பெறவில்லை.

பாலின் இயற்கை அறிந்தார்க்கு இதன் கொடுமை விளங்கும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். நெடுநேரம் உறிஞ்சப்படாது கட்டிக்கொண்ட மார்பு, சுரப்பை நிறுத்துமாறு உடலுக்கே கட்டளையிடுகிறது. விடியலில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலையேறும் தாய், இடையில் இறங்கிவந்து பால் கொடுத்துத் திரும்பினால் நிறுவையில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். பால் கொடுத்தவளுக்கு அரைக்கூலி, மார்பு கட்டி நெருப்பாய்க் கொதிக்க மலையிலேயே நின்றவளுக்கு முழுக்கூலி என்பதே தோட்டத்தின் கணக்கு. சில கிழமைகளில் பால் வற்றும். அப்போது போத்தலும் சூப்பியும் வீட்டுக்குள் வரும். "தோட்டத்துப் பெண்ணுக்கு அறிவில்லை, போத்தலைத் தேடி ஓடுகிறாள்" என்று பேசுவோர் இந்த நிறுவைத் தராசைப் பார்த்தவரல்லர்.

சட்டங்கள் வராமலில்லை. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாட்களுக்கு உணவும் உறையுளும் கொடுத்து, வேலைக்கு அழைக்காதிருத்தல் துரையின் பொறுப்பு என விதித்தது. 1939இல் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் அதில் சேர்க்கப்பட்ட திருத்தம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்க்கு வேலைநாளில் இரு பாலூட்டும் இடைவேளைகளை உரிமையாக்கியது: பிள்ளைக்காம்பரா இருப்பின் அரைமணி வீதம், இல்லையேல் ஒரு மணி வீதம். ஆயினும் நெடுங்காலம் மூன்றாம் பிள்ளை தொடக்கம் விடுமுறை 42 நாட்களாகவே குறைக்கப்பட்டிருந்தது. எல்லாப் பிரசவங்களுக்கும் 84 நாட்கள் என்ற சமநிலை 2018இல்தான் எய்தப்பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 84 நாட்களில் பிரசவத்துக்கு முன் இரு கிழமை, பின் பத்துக் கிழமை என்பது ஏற்பாடு. பின்வருவன 70 நாட்கள். ஆறு மாதம், அதாவது ஏறத்தாழ 180 நாட்கள், தாய்ப்பால் ஒன்றே போதும், வேறெதுவும் வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. 180இலிருந்து 70ஐக் கழித்தால் 110. அறிவியல் ஒன்று சொல்ல, சட்டம் வேறொன்று சொல்லும் இந்த 110 நாட்களின் இடைவெளியில்தான் பால் போத்தல் விற்பனையாகிறது.

இவ்விடைவெளி நம் மலைகளுக்கு மட்டும் உரியதன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் தாய்மார் வேலைக்குப் போகுமுன் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்து உறங்கவைத்ததை 1931இல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழுவின் அறிக்கை பதிந்துள்ளது. நம் மக்களின் உறவினர் றப்பர்ப் பால் வெட்டிய மலாயாவின் அண்டையில், சிங்கப்பூரில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பணியாற்றினார். இனிப்பிட்ட டின்பாலைக் குழந்தைக்கு உகந்ததென விளம்பரம் செய்து விற்றதையும், அதனை உண்ட குழந்தைகள் அவர் கண்முன் மடிந்ததையும் கண்டு, 1939இல் அந்நகரின் ரோட்டரிக் கழகக் கூட்டத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் உரையாற்றினார். இத்தகைய விளம்பரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கொள்ளவேண்டும் என அவர் வாதிட்டார். நம் நாட்டில் பிரசவ நன்மைகள் சட்டம் பிறந்ததும், இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானதும் அதே 1939ஆம் ஆண்டிலேயே என்பது கருதத்தக்கது.

அவர் குரலை உலகம் கேட்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின. 1974இல் இலண்டனில் 'குழந்தைக் கொலையாளி' என்ற சிறு நூல் வெளிவந்தது. ஏழை நாடுகளில் பால்மா விற்பனை நடந்த முறையை அது அம்பலப்படுத்தியது. அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்ட இளைஞர்கள்மீது நெஸ்லே வழக்குத் தொடுத்தது. 1976இல் பேர்ன் நீதிமன்றம் அவர்களுக்குச் சிறு அபராதம் விதித்தது. ஆயினும் நிறுவனம் தன் விளம்பர முறைகளை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றும் நீதிபதி கூறினார். 1977இல் அமெரிக்காவில் பகிஷ்கரிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப்பொருள் விற்பனைக்கான சர்வதேசக் கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கை 1983இல் தனது கோவையை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமே இயற்றியது. பால்மா மட்டுமன்றிப் பால் போத்தலும் சூப்பியும் இவ்விதிகளுக்குள் அடங்கும்.

இலண்டனில் அந்நூல் அச்சான அதே காலத்தில் நம் மலைகளில் நிகழ்ந்தது யாது? 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் லயங்கள் பட்டினி கிடந்தன. தாய்க்கே உணவில்லாதபோது பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்? தோட்டங்களில் சிசு மரணம் கடுமையாக உயர்ந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு அரசுகளால் பங்கிடப்பட்ட மக்களின் பிள்ளைகள் அவை. அழுகுரல் கேட்கவேண்டிய இடத்தில் அவற்றுக்கு வாக்கு இருக்கவில்லை.

இனி, தந்தையின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்குப் போத்தற்பால் மட்டும் கொடுப்பதாயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் பால்மா வேண்டும். 400 கிராம் டின் நான்கு நாட்களுக்கு வரும். அதனைப் பத்து நாட்களுக்கு நீட்டும் வீட்டில் குழந்தை உண்பது பாதிக்கும் குறைவான பால், மீதி நீர். 2022 மார்ச்சில் பெரியவர்கள் தேநீரில் கலக்கும் சாதாரணப் பால்மாவே 400 கிராம் 790 ரூபாய் விற்றது; தோட்டத் தொழிலாளியின் ஒருநாட் கூலி அப்போது 1,000 ரூபாய். குழந்தைப் பால்மாவின் விலை அதற்கும் மேல். டின்னோடு செலவு முடிவதுமில்லை. ஒவ்வொரு வேளையும் போத்தலையும் காம்பையும் கொதிநீரில் அவிக்கவேண்டும். பீலியிலிருந்து நீர் சுமந்து, மழையில் நனைந்த விறகை ஊதி, நாளுக்கு ஆறு ஏழுமுறை நீர் கொதிக்கவைப்பது பத்தடிக் காம்பராவில் நடக்கக்கூடியதா? நீண்ட குழாய் இன்றில்லை. ஆயினும் காம்பின் துளையும் கழுத்தின் மடிப்பும் இருக்கவே செய்கின்றன.

ஆகவே முதல் வினாவுக்கு விடை: இரண்டு போத்தலும் வேண்டாம். தாய் புறப்படுமுன் கையாற் பாலைப் பீய்ச்சி, கழுவிக் கொதிநீரில் அவித்த வாயகன்ற கிண்ணத்தில் மூடிவைக்கலாம். மலைக்குளிரில் நான்கு மணி நேரம் அது கெடாது. வீட்டில் இருப்பவரோ பிள்ளைக்காம்பராவின் ஆயம்மாவோ சிறு கோப்பையாலோ சங்காலோ மெல்லப் புகட்டலாம். தாய் இல்லாத, அல்லது நோயால் ஊட்டமுடியாத பிள்ளைக்குப் பால்மா தேவையே. அதில் எவரும் நாணவேண்டியதில்லை. மருத்துவமாது சொல்லும் அளவில், கொதித்த நீரில் கரைத்து, அதனையும் கோப்பையிலேயே கொடுத்தல் நன்று. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையால் புகட்டும் முறையை இன்றைய மருத்துவமனைகளும் கைக்கொள்ளுகின்றன. பாட்டியின் சங்கு மருத்துவரின் மேசைக்கு வந்துவிட்டது.

நம் தாய்மார் இதனை அறியாதவரல்லர். 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஆறுமாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் 100க்கு 82 தாய்ப்பால் மட்டுமே உண்டன. உலக நாடுகள் வியக்கும் இவ்வெற்றி, மேடு பள்ளமெல்லாம் நடந்து லயம் லயமாகச் சென்ற மருத்துவமாதரின் உழைப்பாலும் தாய்மாரின் உறுதியாலும் விளைந்தது. ஆனால் அதே கணக்கெடுப்பு வேறொன்றையும் சொல்லுகிறது. ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் வளராதவர் நாடு முழுவதிலும் 100க்கு 17, தோட்டங்களிலோ 32. தாய் தன் கடனைச் செய்தாள். கூலியும் குடியிருப்பும் குடிநீரும் தம் கடனைச் செய்யவில்லை என்பதே இவ்விரு எண்களையும் சேர்த்துப் படிப்பார்க்கு விளங்கும் பொருள்.

மறுவாரம் அந்தத் தந்தையை மீண்டும் கண்டு நாம் அறிந்தவற்றைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "கோப்பையில கொடுக்க ஆள் வேணுமேங்க சேர், பிள்ளைக்காம்பரா அடுத்த டிவிசன்ல, ரெண்டு கட்ட தூரம்" என்றார். அவருடைய மகள் அக்கிழமை முழுவதும் பள்ளிக்கு வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நாமே சிவப்பு மையால் ஐந்து கோடுகள் இட்டிருந்தோம். காரணம் எழுதுவதற்கு அப்பதிவேட்டில் இடமில்லை.

கோப்பையா போத்தலா என்பதற்கு ஓர் ஆசிரியர் விடை சொல்லிவிடலாம். கோப்பையைப் பிடிக்கும் கை எது என்பதற்குத் தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கமும் அரசும்தான் விடை சொல்லவேண்டும். நடந்து எட்டும் தூரத்தில் பிள்ளைக்காம்பரா, அரைப்பேர் ஆகாத பாலூட்டும் இடைவேளை, எஞ்சிய அந்த 110 நாட்களுக்குக் கூலியோடு விடுமுறை ஆகிய மூன்றையும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களைக் கேட்க நாம் முடிவுசெய்துள்ளோம். வெறுமையான பெஞ்சு ஒன்று தம் வகுப்பிலும் இருக்கக் காணும் ஆசிரியர்கள் நம்முடன் சேர்ந்து கேட்பார்களாக.