நெய்யில் தோய்த்த ஏடுகள்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பேச்சில் கரிவலம், பழைய நூல்களில் கருவை. பிரமோத்தர காண்டத்தைத் தமிழில் பாடிய வரதுங்கராம பாண்டியர் 16-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்டார் என்பார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் மறக்காமலிருப்பதற்குக் காரணம் வேறு.

உ.வே.சாமிநாதையர் சுவடி தேடித் திருநெல்வேலிச் சீமையில் அலைந்த காலத்தில், பாண்டிய அரசர் வழிவந்த ஏடுகள் கரிவலம் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் விசாரித்தார். கோயில் நிர்வாகத்தில் இருந்தவர் சாதாரணமாகப் பதில் சொன்னார். குப்பையாகக் கிடந்தனவாம். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்யவேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம். அப்படியே செய்துவிட்டார்களாம். 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் ஐயர் இதை எழுதியபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஆனாலும் அவருக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை என்பது படித்தாலே தெரியும்.

இதில் நான் கவனிப்பது நெருப்பை அல்ல, வைத்த கையை. படையெடுத்து வந்தவன் எரிக்கவில்லை. திருடன் தூக்கிக்கொண்டு போகவில்லை. காவலுக்கு இருந்தவர்களே, விதிப்படி, பக்தியோடு எரித்தார்கள்.

இன்று டீக்கடையில் போனைப் பற்றிப் பேச்சு வந்தால் திருடனைப் பற்றித்தான் வரும். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்பார் ஒருவர். "நம்மகிட்ட என்ன இருக்குன்னு களவாட வாரான்?" என்பார் இன்னொருவர். விரல்ரேகை வைப்பதா, பேட்டர்ன் போடுவதா, எந்தக் கம்பெனி போன் நம்பிக்கையானது என்று சண்டை நீளும். தேவையான சண்டைதான்; பணம் போனவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் பத்து வருஷப் புகைப்படமும் கடிதமும் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன, அந்த வீட்டின் விதி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ் இணையத்துக்கே இது நடந்திருக்கிறது. 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில்தான் இலக்கிய அரட்டை நடந்தது. யூனிகோட் பரவுவதற்கு முன்பு, திஸ்கியில் தட்டச்சிட்டு, எழுத்துரு இல்லாதவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு எழுதினார்கள். இன்று பெயர் பெற்ற பலர் அங்கே கை பழகியவர்கள். 2019 அக்டோபரில் குழுமங்களின் பழைய மடல்களை அழிக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் சில வாரங்கள் கெடு. பிறகு கொஞ்சம் நீட்டித்தார்கள். 2020 டிசம்பர் 15-இல் கடையையே மூடிவிட்டார்கள். கள்ளச்சாவி போட்டு யாரும் நுழையவில்லை. ஒப்பந்தப்படிதான் எல்லாம் நடந்தது. அந்த ஒப்பந்தத்தை நாம் படிக்காமலே 'சம்மதம்' அழுத்தியிருந்தோம்.

கூகுள் விஷயம் கரிவலத்துக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளையும், அவற்றில் உள்ள கடிதம், படம் எல்லாவற்றையும் நீக்கும் விதியை 2023 மே மாதம் அறிவித்து, டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சொன்ன காரணம் பாதுகாப்பு. கைவிட்ட கணக்குகளில் பழைய கடவுச்சொல்லே இருக்கும், இரட்டைச் சரிபார்ப்பு இருக்காது, திருடனுக்கு அது திறந்த வாசல். நியாயம்தான். ஆகமம் சொன்னதிலும் நியாயம் உண்டு: சிதைந்த புனித ஏடு காலில் மிதிபடக்கூடாது. இரண்டிலும் பொருளை அவமதிப்பிலிருந்து காப்பாற்றியாயிற்று, பொருள்தான் இல்லை. இறந்துபோன அப்பாவின் கணக்கை யாரும் திறக்கப்போவதில்லை. தாம் போனபின் தரவு யாருக்குச் சேரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி 2013 முதல் அதே கூகுளில் இருக்கிறது. வங்கியில் நாமினி எழுதுவதுபோலத்தான். எழுதிவைத்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

'எல்லாம் கிளவுட்ல இருக்கு' என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. போனும் கிளவுடும் ஒத்திசைந்தே இருப்பதால், இங்கே அழித்தால் பெரும்பாலும் அங்கேயும் அழியும். அது இரண்டு பிரதி அல்ல, ஒரே பிரதியின் இரண்டு முகம்.

பனையோலைக் காலத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஓலை நிரந்தரம் என்று அவர்கள் நம்பியதில்லை. செல்லும் பூச்சியும் ஈரமும் சில தலைமுறைக்குள் தின்றுவிடும். ஆகவே பிரதி எடுத்தார்கள். பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதற்கும் அதுவே முதலில் அடிப்படையாக இருந்திருக்கவேண்டும்: புதிது எழுதியாயிற்று, பழையது போகட்டும். எழுதுகிறவர்கள் குறைந்தபின் விடுவது மட்டும் சடங்காக நின்றுவிட்டது என்பது என் ஊகம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மறுபடி அந்தப் பழைய வழிக்குத்தான் வந்தது. நூல்களைத் தட்டச்சிட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம் என்று விட்டார்கள். எத்தனை கணினிகளில் இப்போது அவை இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

கரிவலம் கோயில் சுவடிகளில் என்னென்ன இருந்தன என்பதை இனி அறிய வழியில்லை. ஆனால் அதே பால்வண்ணநாதர்மேல் பாடிய திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி தப்பிவிட்டது. அதிவீரராம பாண்டியர் பாடியது என்பது பெருவழக்கு, வரதுங்கர் என்பாரும் உண்டு. குட்டித் திருவாசகம் என்று பெயர் பெற்று, பல வீட்டு ஏடுகளிலும் ஓதுகிறவர்கள் வாயிலும் பரவியிருந்த நூல். அந்தாதி என்பதால் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம். நூறாவது முடிந்து முதல் பாட்டில் வந்து சேரும். நடுவில் ஒன்று விடுபட்டால் ஓதுகிறவருக்கு அந்த இடத்திலேயே நாக்கு தட்டும்.