ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனி முறிந்தால்

தான் மறைந்த பின்னரும் தன் மனைவி மக்கள் பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டுமென்று கருதியே ஒருவன் தன் வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பிரீமியமாகச் செலுத்தி வருகிறான். வாக்களித்த கம்பெனியே அவனுக்கு முன் மாண்டுபோகுமாயின் அக்குடும்பத்தின் கதி யாது? இவ்வினாவிற்குச் சரித்திரம் அளிக்கும் விடையை நம் சங்கத்து அன்பர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

1838-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய ஆல்பர்ட் என்னும் கம்பெனி, பல சிறு கம்பெனிகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு பெருத்தது. உடல் பெருத்ததேயன்றி வலிமை பெருகவில்லை. 1869 ஆகஸ்டு மாதத்தில் அது பணங்கொடுக்க இயலாது நின்றுவிட்டது. யூரோப்பியன் என்னும் மற்றொரு கம்பெனியும் சில ஆண்டுகளுள் அவ்வழியே சென்றது.

பாலிஸிதாரர்க்கு நேர்ந்த இடர் இருவகைத்து. கட்டிய பணம் போயிற்று என்பது ஒன்று. மற்றது அதனினும் கொடிது. முப்பதாம் வயதில் உடல்நலத்தோடு பாலிஸி எடுத்தவன் இப்பொழுது ஐம்பத்தைந்து வயதினன், நோயாளியாகவும் இருக்கலாம். அவனைப் பழைய பிரீமியத்துக்கு வேறெவரும் ஏற்கமாட்டார். பணத்தை மீண்டும் ஈட்டலாம். கழிந்த வயதை ஈட்டுவதெங்ஙனம்?

இனி, அவன் கோர்ட்டில் எத்தொகையைக் கேட்பது? அவன் உயிரோடிருத்தலின் முழுத்தொகையைக் கேட்க இயலாது. கட்டியதனைத்தையும் கேட்பதும் பொருந்தாது. அத்தனை ஆண்டுகள் கம்பெனி அவனுயிருக்குப் பொறுப்பேற்றிருந்ததன்றோ? அவன் இறந்தபின் வரவேண்டிய தொகையின் இன்றைய மதிப்பிலிருந்து, இனி அவன் செலுத்தவேண்டிய பிரீமியங்களின் இன்றைய மதிப்பைக் கழித்தால் எஞ்சுவதே அவனுக்குரிய கடன் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதிலும் கம்பெனியின் சொத்துக்கேற்ற பங்கே கிடைக்கும்.

மற்றொரு வழக்கும் எழுந்தது. சிறு கம்பெனியில் பாலிஸி எடுத்தவன், அது ஆல்பர்ட்டில் கலந்தபின் ஆல்பர்ட்டுக்குப் பணம் கட்டியதனாலேயே பழைய கம்பெனியின் மேலுள்ள உரிமையை இழந்தானா? இத்தகைய சிக்கல்களைத் தீர்க்கப் பார்லிமெண்டு 1871-இல் தனிச்சட்டம் இயற்றி, லார்டு கெய்ர்ன்ஸ் என்பாரை ஆல்பர்ட் விவகாரத்திற்கு மத்தியஸ்தராக்கியது. பிரீமியம் கட்டியதனால் மட்டும் உரிமை போகாது, கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலே போகும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு விதி. அதற்கு முன்னரே 1870-ஆம் ஆண்டுச் சட்டம், புதிய கம்பெனிகள் 20,000 பவுன் ஈடு கட்டவேண்டுமென்றும், ஆயுள் நிதியைத் தனியே வைக்கவேண்டுமென்றும் விதித்தது. முறிந்த கம்பெனியைக் கலைப்பதற்குப் பதிலாகப் பாலிஸித் தொகைகளைக் குறைத்து அதனை நடத்திவரவும் கோர்ட்டுக்கு அதிகாரம் தந்தது.

நிற்க. நம் தேசத்து அனுபவமும் வேறன்று. 1912-லும் 1938-லும் சட்டங்கள் பிறந்தன; கம்பெனிகள் ரிசர்வ் பாங்கியில் ஈடு வைக்கவேண்டுமென்று பின்னது விதித்தது. ஆயினும், 1956-க்கு முந்தைய பத்தாண்டுகளில் இருபத்தைந்து கம்பெனிகள் கலைக்கப்பட்டனவென்றும், வேறு இருபத்தைந்து கம்பெனிகளின் வியாபாரம் பாலிஸிதாரர்க்கு நஷ்டமாகப் பிறரிடம் மாற்றப்பட்டதென்றும் நிதி மந்திரி சி. டி. தேஷ்முக் எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே ஆயுள் இன்ஷியூரன்ஸ் அரசாங்கத்தின் உடைமையாயிற்று. புதிய கார்ப்பரேஷனின் பாலிஸிகளுக்குப் போனஸ் உள்பட மத்திய அரசாங்கமே பொறுப்பு என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு கூறுகிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மீண்டும் வந்த தனியார் கம்பெனிகளுக்கு அவ்வுறுதி இல்லை. மேற்பார்வை மட்டுமே உண்டு.

ஆகவே, அன்பர்களே, பாலிஸியைப் பெட்டியில் பூட்டிவைத்து மறந்துவிடாதீர்கள். கம்பெனி கைமாறும்போது வரும் காகிதத்தை முழுதும் படித்தறியாமல் கையெழுத்திடாதீர்கள். வதந்தி கேட்டு அஞ்சிப் பிரீமியத்தை நிறுத்தி, உள்ள உரிமையையும் இழந்துவிடாதீர்கள். ஐயம் தோன்றின் சட்டமறிந்த ஒருவரைக் கேளுங்கள். அக்காகிதம் நமக்காக எடுத்ததன்று. நமக்குப்பின் இருப்பவர்க்காக எடுத்ததாகும்.