நிப்பா கற்பித்த பாடமும் கொரோனாத் தடுப்பூசியும்

கொரோனாத் தடுப்பூசி ஓராண்டுக்குள் உருவானது கண்டு உலகம் வியந்தது. 2020 ஜனவரியில் அக்கிருமியின் மரபணு வரிசை வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு ஊசி போடத் தொடங்கினர். இத்தனை விரைவில் செய்த மருந்தை நம்பலாமா என்று ஐயுற்றோரும் பலர். ஆனால், அதன் வரலாற்றை ஆராய்வோர்க்கு அது ஓராண்டில் விளைந்த பயிரன்று என்பது புலனாகும். அவ்வரலாற்றில் கோலாலம்பூருக்கும் ஓர் இடமுண்டு.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோரிடையே கொடிய மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுப்புகை அடித்தனர்; அந்நோய்க்குரிய தடுப்பூசியும் போட்டனர். பயனில்லை. நோய் தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா கோ பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுவரை உலகம் அறியாத கிருமி அது என்பது அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று. பழந்தின்னி வௌவால்களிடம் வாழும் அக்கிருமி, பன்றிகளின் வழியே மனிதரைப் பற்றியிருந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பின்னரே நோய் அடங்கிற்று. அதற்குள் 105 பேர் மாண்டனர். பகை இன்னதென்று அறியாதவிடத்து நல்ல தடுப்பூசியும் உதவாது என்பதே நிப்பா கற்பித்த முதற்பாடம்.

நிப்பா கொரோனா இனத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் விலங்கிடமிருந்து மனிதரிடம் தாவும் புதுக்கிருமிகளின் வரிசையில் இரண்டும் அடங்கும். 2003-இல் சார்ஸ் என்னும் கொரோனாக் காய்ச்சல் ஏறத்தாழ எண்ணாயிரம் பேரைப் பற்றியது. அதற்குத் தடுப்பூசி தேடும் பணி தொடங்கிற்று. மறு ஆண்டு நோய் மறைந்தது. அச்சம் மறையவே, ஆய்வுக்கான பொருளும் குறைந்தது. 2012-இல் அரபு நாட்டில் மெர்ஸ் தோன்றியபோது அப்பணி மீண்டும் உயிர் பெற்றது. கிருமி உயிரணுவுக்குள் நுழையத் துணைபுரிவது அதன் கூர்முனைப் புரதம். அது தன் வடிவம் மாறாதபடி நிறுத்திவைக்கும் முறையை 2017-இல் அறிஞர் வெளியிட்டனர். பின்னாளில் பல கொரோனாத் தடுப்பூசிகளுக்கு அடிப்படையானது அம்முறையே.

மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. புதுக்கிருமி தோன்றினால் எத்துணை விரைவில் தடுப்பூசி செய்யலாம் எனச் சோதித்தறிய, அமெரிக்க அரசின் ஆய்வாளரும் மாடர்னா நிறுவனமும் திட்டமிட்டிருந்தனர். அதற்குத் தேர்ந்தெடுத்த கிருமி நிப்பா. 2020 ஜனவரியில் கொரோனாச் செய்தி வரவே, நிப்பாவை ஒதுக்கி அதன்மீது கருத்தைச் செலுத்தினர். மார்ச் 16-இல் முதல் ஊசி மனிதர் உடலில் ஏறியது. ஆக்ஸ்போர்டு அறிஞரும் அவ்வாறே, மெர்ஸுக்கெனச் சோதித்துவந்த முறையைக் கொரோனாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர்.

மலேசியாவில் முதல் ஊசி 2021 பிப்ரவரி 24-இல் போடப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், ஆக்ஸ்போர்டு ஊசி போடும் நிலையங்களுள் ஒன்றாக மலாயாப் பல்கலைக்கழகமே விளங்கிற்று. எனினும் எல்லார்க்கும் ஊசி கிட்டுமுன் நோய் முந்திக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை மக்கள் நெருங்கி வாழும் பள்ளத்தாக்கில், ஜூலை மாதம் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன; கிள்ளான் பெரிய மருத்துவமனையில் நோயாளிகள் படுக்கையின்றித் தவித்தனர்.

ஒதுக்கப்பட்ட நிப்பாவின் நிலை என்ன? 2001 முதல் வங்காளத்திலும் 2018 முதல் கேரளத்திலும் அது உயிர்களைக் கொள்ளைகொண்டது. மாடர்னாவின் நிப்பாத் தடுப்பூசி 2022-இலும், ஆக்ஸ்போர்டினுடையது 2024-இலுமே மனிதரிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்தன. கிருமியைக் கண்டறிந்து இருபதாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன! கொரோனாவுக்கு ஓராண்டு, நிப்பாவுக்குக் கால் நூற்றாண்டு. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது அறிவின் குறையன்று. நோய் அடங்கியதும் அதனை மறந்துவிடும் இயல்பே.