சமூகவிரோதச் செயல்களும் ஊர்க்காவலும்

கள்ளச்சாராயம், கஞ்சா விற்பனை, பணம் வைத்துச் சூதாடுதல், குடித்துவிட்டுத் தெருவில் தகராறு செய்தல், பெண்களை வழிமறித்துச் சீண்டுதல், கட்டப்பஞ்சாயத்து முதலியன தமிழ்நாட்டில் சமூகவிரோதச் செயல்கள் எனப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்கு அருகே முந்திரிக்காட்டுப் பகுதியில் உள்ள முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் இவற்றைத் தடுப்பது எளிதன்று. நெய்வேலியின் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காக்கிறது. சுற்றுக் கிராமங்களுக்கு உள்ளூர்க் காவல் நிலையமே துணை. ஆள் நடமாட்டம் குறைந்த தோப்புகள் ஒருபுறம், விலை மலிந்த புதுச்சேரி மது கடத்திவரப்படுவது மறுபுறம் என வேலை இரட்டிப்பாகிறது.

சட்டம் இதற்குப் பல படிகளை வகுத்துள்ளது. அமைதியைக் குலைக்கக்கூடும் என அஞ்சப்படுபவரிடம் நிர்வாக நடுவர் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். நெடுங்காலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 126, 129 பிரிவுகளாகத் தொடர்கிறது. பெண்களைத் துன்புறுத்துவோருக்கு எதிராகத் தமிழ்நாடு 1998-இல் தனிச்சட்டம் இயற்றியது. சென்னையில் சரிகா ஷா என்ற மாணவி உயிரிழந்ததே அதற்குக் காரணம். மிகக் கடுமையானது 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டம். மாவட்ட ஆட்சியரின் ஆணைப்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க அது இடமளிப்பதால், கடைசி வழியாகவே அதைக் கையாள வேண்டும்.

காவல் துறை உருவாகுமுன் பல ஊர்களில், ஊரைக் காக்கும் பொறுப்பை உள்ளூர்க் காவல்காரர்களே ஏற்கும் பாடிக்காவல் முறை இருந்தது. ஆங்கில ஆட்சி அதை ஒடுக்கியதோடு நில்லாமல், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மூலம் முழுச் சாதிகளையே குற்றவாளிகளாக அறிவித்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீக்கப்பட்ட பின்னும் அந்தச் சந்தேகம் நீங்கவில்லை. 1993-இல் விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த முதனை கிராமத்தில், குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு திருட்டுப் புகாரின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே சித்திரவதையால் இறந்தார். மனைவி பார்வதிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். பின்னர் காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். செய்த செயலை விட்டு ஆளின் பிறப்பைப் பார்க்கும் காவல், தானே ஊரின் அமைதியைக் கெடுக்கும் என்பதற்கு நெய்வேலிப் பகுதிக்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை.

அதே 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், ‘காவல் துறையின் நண்பர்கள்’ அமைப்பைத் தொடங்கினார். ஊரார் தகவல் தருவதும் ரோந்தில் உதவுவதும் அதன் நோக்கம். பல மாவட்டங்களுக்குப் பரவிய அந்த முயற்சி, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் துறைப் பிடியில் இறந்ததில் அதன் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. தன்னார்வலருக்குப் பொறுப்புக்கூறும் கடமை இல்லாவிட்டால், அவர் கையில் அதிகாரத்தின் சாயலைக்கூடத் தரலாகாது.

அதிகாரம் கேட்காத வழியும் உண்டு. 2017-இல் நெடுஞ்சாலையோர மதுக்கடைகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மூடப்பட்டு ஊர்களுக்குள் நகர்த்தப்பட்டபோது, பல கிராமங்களில் பெண்கள் கடை வாசலில் அமர்ந்து மறித்தனர். கோயிலுக்கும் பள்ளிக்கும் 100 மீட்டருக்குள் கிராமப் பகுதிகளில் மதுக்கடை கூடாதென்ற விதி அவர்களுக்குக் கைகொடுத்தது. தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, பள்ளி வழித்தடத்தில் ரோந்து போன்ற கோரிக்கைகளை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்பலாம்.