கிராபிக்ஸ் கார்டு இருந்தும் வீடியோ எடிட்டிங் திணறுவது ஏன்? – ஒரு விளக்கம்

கொல்லயில் (கேரளா): திருமண வீடியோக்களை எடிட் செய்வதற்காகப் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, கணினியில் பொருத்திய பின்னரும் பலன் அளிக்காமல் போவது உண்டு. காட்சிகள் தடுமாறி ஓடுகின்றன. மென்பொருள் திடீரென மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை தோன்றுகிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம் கார்டில் உள்ள பழுது அல்ல. கார்டு, அதனை இயக்கும் டிரைவர், எடிட்டிங் மென்பொருள், கேமராவின் பதிவு வடிவம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாததே காரணமாகும்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள கொல்லயில், அதனை அடுத்த பாறசாலை, எல்லைக்கு இப்பால் தமிழகத்தின் களியக்காவிளை ஆகிய பகுதிகளில் ஆவணி மாதம் பிறந்தவுடன் திருமணப் பருவம் தொடங்கிவிடும். ஒரே வாரத்தில் பல திருமணங்களின் பதிவுகளைக் கையாளும் சிறிய ஸ்டூடியோ ஒன்றுக்கு, கணினி 2 நாட்கள் முடங்கினாலும் வருவாய் இழப்பு ஏற்படும். எனவே, கார்டு வாங்குவதற்கு முன்பே அதன் பொருத்தத்தைச் சரிபார்ப்பது அவசியமாகிறது.

சிக்கலின் தொடக்கம்

கிராபிக்ஸ் கார்டை விளையாட்டுகளுக்கு மட்டுமன்றிப் பொதுவான கணக்கீடுகளுக்கும் பயன்படுத்தும் வகையில், என்விடியா நிறுவனம் 2007ஆம் ஆண்டு 'குடா' என்ற தொழில்நுட்பத்தை வெளியிட்டது. இது அந்நிறுவனத்தின் கார்டுகளில் மட்டுமே இயங்கக்கூடியது. பல நிறுவனங்களின் கார்டுகளிலும் இயங்கக்கூடிய 'ஓபன்சிஎல்' என்ற பொதுத் தரநிலை 2008ஆம் ஆண்டு இறுதியில் வந்தது.

2010ஆம் ஆண்டு வெளியான அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5 மென்பொருள், குடா மூலம் காட்சிகளை வேகமாகக் கையாளும் வசதியை அறிமுகப்படுத்தியது. ஆயினும், நிறுவனம் சோதித்துப் பட்டியலிட்ட ஒரு சில கார்டுகளுக்கு மட்டுமே அவ்வசதி கிடைத்தது. பட்டியலில் இல்லாத கார்டை வைத்திருந்தோர், மென்பொருளுக்குள் இருந்த ஓர் உரைக் கோப்பில் தங்கள் கார்டின் பெயரைத் தாங்களே சேர்த்து அத்தடையைக் கடந்தனர். 2013ஆம் ஆண்டு பதிப்பில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. எனினும், குடாவை மட்டுமே நம்பி எழுதப்பட்ட துணை மென்பொருள்கள் ஏஎம்டி கார்டுகளில் இயங்காத நிலை தொடர்கிறது.

கார்டின் தலைமுறை

கார்டின் விலையைக் காட்டிலும் அதன் தலைமுறையே முக்கியமானது. கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்த ஜிஃபோர்ஸ் 600, 700 வரிசைகளின் பெரும்பாலான கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டை என்விடியா 2021ஆம் ஆண்டு நிறுத்தியது. விலை குறைவு என்பதால் பலரும் வாங்கிய ஜிடி 710 கார்டும் அத்தலைமுறையைச் சேர்ந்ததே. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கான வழக்கமான மேம்பாடும் 2025 அக்டோபருடன் முடிவடைந்தது. சிறிய ஸ்டூடியோக்களுக்கு நன்கு அறிமுகமான ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1060 கார்டுகள் இவற்றில் அடங்கும்.

இதனால் பழைய கார்டுகள் உடனே செயலிழந்துவிடுவதில்லை. ஆனால், எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு புதிய டிரைவரைக் கோரும்போது அவை பின்தங்கிவிடுகின்றன.

ஒரே தலைமுறைக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. ஜிடி 1030 கார்டில், வீடியோவைச் சுருக்கி வெளியிடும் 'என்விஎன்க்' என்ற தனிப்பகுதி இல்லை. அதே பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்த 1050 டிஐ கார்டில் அது உள்ளது. இறுதி வீடியோவை வேகமாக வெளியிட விரும்புவோருக்கு இது பெரிய வேறுபாடாகும்.

கேமராவின் பதிவு வடிவம்

புதிய கேமராக்கள் இச்சிக்கலுக்கு மற்றொரு பரிமாணத்தைச் சேர்த்துள்ளன. சோனி ஏ7எஸ் 3, ஏ7 4 போன்ற கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற உயர்தர வண்ண அமைப்பில் எச்.265 முறையில் பதிவு செய்ய வல்லவை. இவ்வடிவத்தை விரித்துப் படிக்கும் திறன், என்விடியா கார்டுகளில் 2025ஆம் ஆண்டு வெளியான ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய கார்டு எத்துணை விலையுயர்ந்ததாயினும், இந்தப் பணி முழுவதும் பிராசசரின் மீதே விழுகிறது.

அதே வேளையில், இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பிராசசர்களுடன் இணைந்து வரும் கிராபிக்ஸ் பகுதி இவ்வடிவத்தை எளிதாகக் கையாள்கிறது. பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்தைக் கொண்ட இன்டெல் பிராசசர்களில் அப்பகுதி செயல்படாது. விலை சற்றுக் குறைவு என்று எஃப் வகையைத் தேர்ந்தெடுப்போர், இந்த வசதியை இழக்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தனிக் கார்டு பொருத்தியிருக்கும் கணினிகளில், இன்டெல் கிராபிக்ஸ் பகுதியை பயாஸ் அமைப்பில் இயக்க வேண்டிய தேவையும் ஏற்படலாம்.

பள்ளிகளில் லினக்ஸ்

கேரள அரசுப் பள்ளிகளில் நிலைமை சற்று வேறுபட்டது. மாநில அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிக் கணினிகளுக்காக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளத்தை வழங்கி வருகிறது. 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் மாணவர்கள் கேடன்லைவ் என்ற கட்டற்ற மென்பொருளில் எடிட்டிங் பயில்கின்றனர். கேடன்லைவ் பெரும்பாலான பணிகளைப் பிராசசரைக் கொண்டே செய்வதால், தனிக் கார்டு இல்லாத கணினிகளிலும் இயங்குகிறது.

லினக்ஸில் என்விடியா கார்டைப் பொருத்துவோர் கவனிக்க வேண்டியது டிரைவரைத்தான். இயல்பாக அமையும் 'நூவோ' என்ற கட்டற்ற டிரைவரில் குடா இயங்காது. என்விடியாவின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கணினியில் 'செக்யூர் பூட்' வசதி இயக்கத்தில் இருந்தால், முறையாகப் பதிவு செய்யாத அந்த டிரைவர் தடுக்கப்படக்கூடும். மேலும், டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு, கேமராக்களில் பரவலாக உள்ள எச்.264, எச்.265 கோப்புகளை லினக்ஸில் திறப்பதில்லை. இங்கு கார்டை மாற்றுவதால் பயனில்லை; கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவதோ, கட்டணப் பதிப்பை வாங்குவதோதான் தீர்வாகும்.

பழுதைக் கண்டறியும் முறை

பிரீமியர் புரோவில் கோளாறு ஏற்பட்டால், புராஜெக்ட் அமைப்பில் 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்ற முறைக்கு மாற்றிப் பார்ப்பது முதல் படியாகும். வேகம் குறைந்தாலும் கோளாறு மறைந்துவிட்டால், கார்டு அல்லது டிரைவரே காரணமாக இருக்கக்கூடும். கோளாறு நீடித்தால், வீடியோ கோப்பு, துணை மென்பொருள் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

டிரைவரைப் புதுப்பித்த பின்னர் சிக்கல் தோன்றியிருந்தால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் உள்ள 'ரோல் பேக்' வசதி மூலம் முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். படைப்பாளர்களுக்காக என்விடியா 2019ஆம் ஆண்டு முதல் வழங்கி வரும் 'ஸ்டூடியோ டிரைவர்', எடிட்டிங் பணிக்கு ஏற்றதாகும்.

நினைவகம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், 4கே காட்சிகளுக்குப் பதிலாக 'பிராக்சி' எனப்படும் சிறிய நகல் கோப்புகளைக் கொண்டு எடிட் செய்து, இறுதியில் மட்டும் மூலக் கோப்பிலிருந்து வெளியிடலாம். பழைய கணினியிலும் பணியை முடிக்க இது உதவும். புதிய கார்டு வாங்கும் செலவையும் தள்ளிப்போடும்.

ஒரு திருமணத்தின் பணி நடுவில் இருக்கும்போது மென்பொருளையோ டிரைவரையோ புதுப்பிப்பதைத் தவிர்ப்பது நல்லது. பிரீமியர் புரோவின் புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்ட் கோப்பு, பழைய பதிப்பில் திறக்காது.

கடைக்குச் செல்வதற்கு முன் 4 விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வது பயன் தரும்: கேமராவின் பதிவு வடிவம், பயன்படுத்தும் மென்பொருளின் பதிப்பு, அது கோரும் குறைந்தபட்ச டிரைவர் மற்றும் கார்டு நினைவகம், பிராசசரின் முழுப் பெயர். இவற்றுக்குப் பொருந்தும் நடுத்தர விலைக் கார்டு, பொருந்தாத விலையுயர்ந்த கார்டைக் காட்டிலும் விரைவாகப் பணியை முடித்துத் தரும்.